வெளியுறவுப் பேராசிரியர் அரசுக்குள் போகலாமா?

வெளியுறவுக் கொள்கை கற்பிப்பவருக்கு ஆட்சியாளரிடமிருந்து அழைப்பு வருவது அமெரிக்காவில் சகஜம். வேலையை விட்டுவிட்டுப் போவதா, வெளியே நின்று கருத்துச் சொல்வதா, கொஞ்ச காலம் போய்த் திரும்புவதா?

முதல் வழிக்கு ஹென்றி கிஸிஞ்சர். ஹார்வர்டு பேராசிரியராக இருந்தவர், 1969இல் அதிபர் நிக்சனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகரானார். 1971 ஜூலையில் ரகசியமாகப் பெய்ஜிங் போய் சீனாவுடன் உறவுக்கு வழி திறந்தார். எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுதினாலும் இது நடக்குமா? ஆனால் இழப்பும் பெரிது. 1970 மே மாதம், கம்போடியாவுக்குள் அமெரிக்கப் படை நுழைந்ததும், தாமஸ் ஷெல்லிங் உள்ளிட்ட ஹார்வர்டு சகாக்கள் அவருடைய அலுவலகத்துக்கே வந்தார்கள். கூடவே இருந்து பாடம் நடத்தியவர்கள், இனி இந்த அரசுக்கு ஆலோசனை சொல்ல மாட்டோம் என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டுப் போனார்கள். வியட்நாம் போரை உள்ளிருந்து நடத்திய வால்ட் ரோஸ்டோவுக்கோ எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பழைய பேராசிரியர் வேலை திரும்பக் கிடைக்கவில்லை, டெக்சாஸுக்குப் போனார்.

இரண்டாவது வழிக்கு சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் மார்கெந்தாவ். வியட்நாம் போர் தேச நலனுக்கே கேடு என்று ஓயாமல் சொன்னார். 1965 ஜூனில் தொலைக்காட்சியில், அப்போதைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டியுடன் விவாதித்தார். பண்டியும் ஹார்வர்டிலிருந்து போனவர்தான். ஆனால் அவர் அரசின் முடிவைக் காக்க வேண்டிய இடத்தில் இருந்தார். மார்கெந்தாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. போரை அவரால் நிறுத்த முடியவில்லை என்பதும் உண்மை.

தேர்தல் பிரசாரக் குழுவில் ஆலோசகராக இருப்பது தனி வழியே அல்ல, பெரும்பாலும் பதவிக்கான காத்திருப்பு. அதை விட்டுவிடலாம்.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. ஹார்வர்டு பேராசிரியர் ஜோசப் நை 1993இல் அரசுக்குப் போனார். அப்புறம் பென்டகனில், அதாவது பாதுகாப்புத் துறையில், இருந்தபோது, கிழக்கு ஆசியாவில் சுமார் 1,00,000 படையினரைத் தக்கவைக்கும் 1995ஆம் ஆண்டுக் கொள்கையை உருவாக்கினார். அதே வருடம் ஹார்வர்டு கென்னடி பள்ளியின் தலைவராகத் திரும்பினார். உள்ளே பார்த்ததை வகுப்பில் சொல்லவும் முடிந்தது, சுதந்திரமாக எழுதவும் முடிந்தது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஹார்வர்டு தரும் விடுப்பு 2 வருடம்தான். 1971 தொடக்கத்தில் கிஸிஞ்சர் அதற்குக் கட்டுப்பட்டு வகுப்புக்குத் திரும்பியிருந்தால், ஜூலையில் பெய்ஜிங் போனவர் வேறு யாராவதாக இருந்திருப்பார்.