உப்புக் காற்றில் நான்கு ஆண்டுகள்: வீட்டு உலையும் சிறு லேத்தும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில், எரிவாயுவில் இயங்கும் சிறு உலையையும் மினி லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) ஒன்றையும் நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பழைய பைக் பிஸ்டன்களை உருக்கிப் பெல்ட் கப்பிகளும் கைப்பிடிகளும் வார்த்துக் கடைகிறேன். பிஸ்டன் உலோகத்தில் சிலிக்கான் மிகுதி என்பதால் அது அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். குளிர்பானக் கேன்களோ பெருமளவு கசடாகவே போய்விடும்.

உலையின் மீது எனக்குப் பெரிய குறையில்லை. உட்புறச் செராமிக் இழைப் போர்வையின் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால், வாங்கிய வாரமே அதன்மேல் சூடு தாங்கும் தீக்காரை பூசினேன். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே சிலிண்டரை வெளியே வைத்து, கொட்டகைத் தகரத்தின் அடியில் ஓரடி உயரத்துக்குத் திறந்தே விட்டிருக்கிறேன்.

என்னைப் படுத்தியது இவ்வூரின் ஈரந்தான். இரண்டாம் ஆண்டு ஐப்பசியில், உருக்கும் கிண்ணமான மூசையில் மிஞ்சிய அலுமினியத்தை, கட்டியாக உறையவைக்கும் இரும்பு அச்சில் ஊற்றினேன். தொட்டுப் பார்த்தபோது அச்சு உலர்ந்தே இருந்தது. ஆனால் அடியில் படிந்திருந்த துரு இரவெல்லாம் ஈரத்தைக் குடித்து வைத்திருந்தது. நீர் ஆவியாகையில் ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். 'பட்'டென்ற ஓசையோடு உலோகம் மார்பளவுக்குத் தெறித்து, முகக் கவசத்தில் இரண்டு வெள்ளிப் பொட்டுகளையும் தோல் ஏப்ரனில் நீண்ட கோட்டையும் விட்டுச் சென்றது. அந்தக் கவசம் இன்று ஆணியில் தொங்குகிறது. வேலைக்கு வேறு வாங்கிவிட்டேன்.

அதன்பிறகு கட்டி அச்சு, கசடு வாரும் கரண்டி, அடுத்துப் போடவேண்டிய பிஸ்டன் என உருகிய உலோகத்தைத் தொடும் எதையும் உலையின் விளிம்பில் நன்றாகச் சூடேற்றாமல் பயன்படுத்துவதில்லை. சிமென்ட் தரைக்குள்ளும் ஈரம் இருக்கும், உலோகம் சிந்தினால் தரையே வெடித்துச் சிதறும் என்பதால், நான்கு அங்குல உலர்ந்த ஆற்றுமணல் படுகையின் மேல்தான் ஊற்றுகிறேன். இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஒருமுறை கடற்கரை மணலில் அச்செடுத்து, வார்ப்பு முழுவதும் கொப்புளமாகப் பார்த்ததுதான் மிச்சம்: உப்பு ஈரத்தை இழுக்கும், சிப்பித் துகள் சூட்டில் வாயுவைக் கக்கும். பித்தளையை நான் தொடுவதேயில்லை. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து வெண்புகையாகும், அதைச் சுவாசித்தால் அன்றிரவே காய்ச்சல் வரும்.

ஈரக் காற்றின் இன்னொரு சேட்டை லேத்தில்தான் வெளிப்படும். 660 டிகிரியில் உருகும் அலுமினியத்தைத் தேவைக்கு மேல் காய்ச்சினால், ஈரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அதில் கரைந்து, உறையும்போது ஊசித்துளைகளாகிவிடும். வெளியே மழமழவென்று இருந்த கப்பி, ஒரு மில்லிமீட்டர் கடைந்ததும் அம்மைத் தழும்பு முகம்போல் ஆகும். மேல்தோலில் மணல் ஒட்டியிருப்பதால், முதல் வெட்டை அத்தோலுக்கு அடியில் செல்லுமளவு ஆழமாகக் கொடுக்காவிட்டால் வெட்டும் டூலின் முனை மழுங்கும். உலையருகே கட்டாயமான கையுறை லேத்தருகே எமன்; வார்ப்பைப் பிடித்துச் சுழலும் சக், கையோடு சேர்த்து இழுத்துவிடும். சக்கை இறுக்கும் சாவியைக் கையிலிருந்து விடுமுன் சக்கிலிருந்து எடுத்துவிடும் பழக்கம் படிய எனக்கு ஓராண்டு ஆயிற்று.

ஐப்பசி, கார்த்திகையில் உலையை மூடிவிட்டு லேத் வேலை மட்டுமே செய்கிறேன். முதலில் லேத்தைத் தார்ப்பாயால் மூடி, உள்ளே வியர்த்து ஒரே இரவில் அதன் இரும்புப் படுகை துருவேறிச் சிவந்தது. இப்போது எண்ணெய் பூசி, அடியில் துணி எதுவும் படாத இடத்தில் 40 வாட் குண்டு பல்பை எரியவிடுகிறேன்; துரு நின்றுவிட்டது, ஆனால் அந்தப் பல்புக்குத்தான் இப்போது கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.