ஒரு சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்க்க இரண்டு இலவசத் தளங்கள்

சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது என்று செய்தி வந்தால், மறுநாளே அது அமலுக்கு வந்துவிட்டதாக எடுத்துக்கொள்பவர்கள் நம்மில் அதிகம். வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கும் வேலையிட நியாயத்தன்மை மசோதா 2025 ஜனவரி 8ஆம் தேதி நிறைவேறியது. ஆனால் அன்றே அமலாகவில்லை. அதை நம்பி முதலாளியிடம் வாதாடப் போகும் ஊழியருக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயம் அல்ல. காசு செலவில்லாமல் இதைச் சரிபார்க்க, தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் நடத்தும் 'சிங்கப்பூர் ஸ்டாட்யூட்ஸ் ஆன்லைன்' இருக்கிறது. கூடவே நாடாளுமன்றத்தின் ஹன்சார்ட் தேடுதளம், அதாவது மன்றத்தில் பேசப்பட்டவற்றின் அதிகாரபூர்வப் பதிவு. முதலாவதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். இரண்டாவதில் சரக்கு உயர்தரம், ஆனால் அலமாரி கலைந்து கிடக்கிறது.

சட்டத் தளத்தில் முதலில் தடுமாற வைப்பது பெயர்தான். 2021 டிசம்பர் 31 அன்று அமலுக்கு வந்த சட்டங்களின் 2020 திருத்தப் பதிப்பு, பழைய அத்தியாய எண்களைக் கைவிட்டு ஆண்டைச் சேர்த்துக்கொண்டது. முன்பு 91ஆம் அத்தியாயமாக இருந்த வேலை நியமனச் சட்டம் இப்போது 'எம்ப்ளாய்மென்ட் ஆக்ட் 1968'. பழைய கடிதத்திலோ ஒப்பந்தத்திலோ அத்தியாய எண் இருந்தால் எண்ணை விட்டுவிட்டுப் பெயரால் தேடுங்கள்.

அடுத்து, நீளமான சட்டங்கள் முழுதாகத் திறப்பதில்லை, பகுதி பகுதியாகத்தான் ஏறும். உலாவியில் ஒரு சொல்லைத் தேடி 'இல்லை' என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். அந்தப் பகுதி இன்னும் ஏறியிருக்காது. முழு ஆவணமாகப் பார்க்கும் வசதியை அழுத்திவிட்டுத் தேட வேண்டும். சட்டத்தில் பொதுவாகச் சொல்லிவிட்டு நுணுக்கங்களைத் துணைச் சட்டங்களுக்கு விட்டிருப்பார்கள். அபராதம், படிவம், காலக்கெடு போன்றவை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். துணைச் சட்டங்களுக்கான இணைப்பைத் திறக்காமல் போனால் பாதிதான் படித்த கணக்கு.

தளத்தின் ஆகச் சிறந்த அம்சம் காலவரிசை. ஒரு பிரிவு குறிப்பிட்ட நாளில் எப்படி இருந்தது என்று பின்னோக்கிப் பார்க்கலாம். பிரச்சினை நடந்தது மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என்றால், பெரும்பாலும் அன்றைய வாசகம்தான் உங்களுக்குப் பொருந்தும். இன்றைய வாசகத்தைப் படித்து ஏமாறக்கூடாது. பிரிவின் அடியில் சதுர அடைப்புக்குள் திருத்தச் சட்டத்தின் எண்ணும் அது நடப்புக்கு வந்த தேதியும் இருக்கும். புதுச் சட்டமாக இருந்தால் நேராக முதல் பிரிவுக்குப் போங்கள். 'அமைச்சர் வர்த்தமானியில் அறிவிக்கும் நாளில் அமலுக்கு வரும்' என்று இருந்தால், அரசின் அதிகாரபூர்வ அறிவிப்பிதழான வர்த்தமானியில் அந்த அறிவிப்பு வரும்வரை சட்டம் தாளில்தான் இருக்கிறது. சில நேரங்களில் ஒரே சட்டத்தின் சில பிரிவுகள் மட்டும் முன்னதாக அமலாகும்.

ஒரு மசோதா சட்டமாவதற்கு என்னென்ன படிகள்? முதல் வாசிப்பில் மசோதா தாக்கல் செய்யப்படுகிறது, விவாதம் இல்லை. இரண்டாம் வாசிப்பில் அமைச்சர் விளக்குவார், உறுப்பினர்கள் விவாதிப்பார்கள். பிறகு மசோதாவைப் பிரிவு பிரிவாகப் பார்க்கும் குழு நிலை, மூன்றாம் வாசிப்பு. அதன் பின் சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றம், ஏதேனும் ஓர் இனத்தையோ சமயத்தையோ பாரபட்சமாகப் பாதிக்கிறதா என்று பார்க்கும். வரி, அரசுச் செலவு போன்றவை பற்றிய பண மசோதாக்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. கடைசியாக அதிபரின் ஒப்புதல், வர்த்தமானி. அரசமைப்பைத் திருத்தும் மசோதாவுக்கு உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்.

ஹன்சார்டுக்கு வருவோம். 1955 முதலான பதிவுகள் இருக்கின்றன. இரண்டாம் வாசிப்பு உரைதான் இங்கே தங்கம். சட்டங்களுக்கு எப்படிப் பொருள்கொள்வது என்று சொல்லும் பொருள்விளக்கச் சட்டத்தின் ('இன்டர்பிரெட்டேஷன் ஆக்ட்') 9ஏ பிரிவு, ஒரு சட்டத்தின் நோக்கத்தை அறிய நீதிமன்றம் அந்த உரையைப் பார்க்க இடம் தருகிறது. அமைச்சர் மன்றத்தில் சொன்ன ஒரு வரிக்கு பிற்பாடு வழக்கில் எடை உண்டு. எனவே சட்டத்தைப் படித்ததும் அந்த உரையையும் படித்துவிடுங்கள். தேடும்போது வெறும் சொல்லைப் போட்டால் நூற்றுக்கணக்கில் கொட்டும். மசோதாவின் முழுப் பெயரையும் அமர்வுத் தேதியையும் சேர்த்துக் கொடுத்தால்தான் உருப்படியாகக் கிடைக்கும். அமர்வு முடிந்த கையோடு பதிவு வராது, சில நாள் பொறுக்க வேண்டும்.

இனி மனக்குறை. அரசமைப்பின் 53ஆம் விதி மன்றத்தில் தமிழில் பேச இடம் தருகிறது, உறுப்பினர்களும் பேசுகிறார்கள். ஆனால் ஹன்சார்டில் அந்த இடத்தில் வருவது ஆங்கில மொழிபெயர்ப்பு. மூலத் தமிழ் உரை தனிக் கோப்பாக ஓர் இணைப்புக்குப் பின்னால் இருக்கிறது. பக்கத்திலேயே தமிழையும் கொடுத்தால் என்ன? பள்ளிப் பிள்ளைகளுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. சட்டத் தளமோ முழுக்க ஆங்கிலம்தான்.

பழைய பதிவுகளைத் துழாவுபவர்களுக்கு ஒன்று. 1963 செப்டம்பர் முதல் 1965 ஆகஸ்ட் வரை சிங்கப்பூர், மலேசியக் கூட்டரசின் ஒரு மாநிலம். கூட்டரசில் அதிகாரம் மத்திக்கும் மாநிலத்துக்கும் பட்டியல் போட்டுப் பிரிக்கப்பட்டிருந்தது. தற்காப்பும் வெளியுறவும் கோலாலம்பூரின் கையில். அங்குள்ள நாடாளுமன்றத்தில் சிங்கப்பூருக்கு 15 இடங்கள் இருந்தன. அதனால் அந்தக் காலத்துத் தற்காப்பு விவாதங்களை நம் ஹன்சார்டில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் தளத்தைக் குறை சொல்ல முடியாது. மலேசிய நாடாளுமன்றத்தின் பதிவுகளில்தான் தேட வேண்டும். சுதந்திரச் சிங்கப்பூரின் நாடாளுமன்றம் முதலில் கூடியது 1965 டிசம்பர் 8 அன்று. தேடலில் அந்தத் தேதியிலிருந்து தொடங்கினால் மாநிலச் சட்டமன்றப் பதிவுகளோடு குழம்பாது.