கூட்டத்தின் நடுவே கீறுவதற்கு ஒரு மாக்கர்: போஸ்கா பற்றிய மதிப்பீடு

போஸ்கா மாக்கர் வாங்கலாமா என்று கேட்பவரிடம், அதை எங்கே வைத்துப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். ஆளரவம் இல்லாத ஒழுங்கையில் நாலைந்து நாள் எடுத்து ஒரு மதிலை நிரப்புவதற்கு என்றால் அது வேண்டாம். அதற்கு ஹாட்வெயார் கடையில் விற்கும் எமல்ஷனும் ஒரு ரோலரும் போதும். ஆனால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதி முற்றங்களிலோ, பாடசாலை மைதானத்திலோ, கடற்கரையில் நடக்கும் ஒரு மாலைச் சந்தையிலோ, சனம் சுற்றி நிற்க, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ஒரு படத்தைத் தொடங்கி முடித்துக் காட்ட வேண்டும் என்றால், திருகோணமலையில் இருக்கும் ஓர் ஓவியருக்கு இன்று கிடைக்கக்கூடிய கருவிகளில் இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது என் கருத்து. தெருவில் சுவரோவியம் கீறிப் பழகிய ஒருவர், நேரடி ஓவிய நிகழ்வுகளுக்குப் போகத் தொடங்கிய பிறகு எழுதும் மதிப்பீடு இது. காகிதத்தில் படம் கீறுபவர்களுக்கு இதில் உள்ள பல விடயங்கள் தேவைப்படாது.

போஸ்காவைத் தயாரிப்பது மிற்சுபிஷி பென்சில் என்னும் யப்பானிய நிறுவனம். 1887 இல் பென்சில் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்துக்கும், நம்மூர் வீதிகளில் இன்றைக்கும் ஓடும் மிற்சுபிஷி வான்களைச் செய்த குழுமத்துக்கும், பெயரும் மூன்று வைரச் சின்னமும் ஒன்றாக இருந்தாலும், எந்தத் தொடர்பும் இல்லை. 1983 இல் சந்தைக்கு வந்த இந்த மாக்கரின் உள்ளே இருப்பது, நீரில் கலந்த நிறத்துகள் மை. சாதாரண பேமனன்ற் மாக்கரைப் போல இதில் மணம் பிடிக்கும் கரைப்பான் எதுவும் இல்லை. கீழே இருக்கும் நிறத்தை மறைக்கும் அடர்த்தி இதற்கு உண்டு. கறுப்புக்கு மேல் மஞ்சளைப் போட்டால் மஞ்சளாகவே தெரிகிறது என்ற இந்த ஒரு குணத்துக்காகவே தெரு ஓவியர்கள் இதைத் தேடிப் போனார்கள்.

மாக்கரைப் புகழ்வதற்கு முன், அது எதற்குப் பதிலாக வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தெரு ஓவியம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஸ்பிரே டின்தான். 1949 இல் அமெரிக்காவில் பிறந்த அந்தக் கருவியின் வேகத்துக்கும், அது தரும் மென்மையான நிறக் கலப்புக்கும் ஈடாக எந்த மாக்கரும் வர முடியாது. ஆனால் திருகோணமலையில் நிகழ்வுகள் நடக்கும் காலத்தை நினைத்துப் பாருங்கள். உல்லாசப் பயணிகள் வந்து குவியும் மே மாதத்திலிருந்து செப்ரெம்பர் வரையான காலமே, தரைப்பக்கத்திலிருந்து கச்சான் காற்று சூடாக வீசும் காலமும் ஆகும். அந்தக் காற்றில் ஸ்பிரே டின்னை அழுத்தினால் வர்ணத்தில் ஒரு பங்கு பலகைக்குப் போகும், மிச்சம் பக்கத்து மேசையில் கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் கோப்பைக்குப் போகும். டின்னைத் தள்ளும் வாயு தீப்பற்றக்கூடியது. ஐம்பது பாகை செல்சியசுக்கு மேல் சூடாக விடக்கூடாது என்று டின்னிலேயே எழுதியிருக்கிறது. மத்தியான வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய வாகனத்துக்குள் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் முகமூடி. ஸ்பிரேயின் ஆவியைத் துணி மாஸ்க் தடுக்காது, கரி வடிகட்டி பொருத்திய முகமூடிதான் தடுக்கும். அதை மாட்டிக்கொண்டு நிற்பவரிடம் யாரும் வந்து பேச மாட்டார்கள், வந்தாலும் அவரால் பதில் சொல்ல முடியாது. பார்வையாளர்களைப் பத்தடிக்கு அப்பால் கயிறு கட்டி நிறுத்தினால்தான் பாதுகாப்பு என்றால், அவர்கள் முன்னால் கீறுவதற்கு அழைத்ததன் பொருள் என்ன?

மாக்கரைப் பிடித்ததும் இந்த நிலைமை மாறிவிடுகிறது. மணம் இல்லை, தூவல் இல்லை, முகம் திறந்திருக்கிறது. தனியே மதிலில் கீறும்போது படம் முடியும்வரை அது எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் பிரச்சினை இல்லை, ஏனென்றால் அந்தக் கட்டத்தைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. நிகழ்வில் அப்படி அல்ல. முதல் கால் மணி நேரத்தில் சனத்துக்கு ஏதாவது பிடிபட வேண்டும்; இல்லையென்றால் அவர்கள் கதிரையைத் திருப்பிப் பாட்டுக் கச்சேரிப் பக்கம் போய்விடுவார்கள். தூரிகையில் நிறத்தைப் பரப்பிக் கடைசியில் கோடு போடும் வழக்கமான ஒழுங்கை விட்டுவிட்டு, தடித்த கறுப்பு மாக்கரால் முதலில் வெளிக்கோட்டைக் கீறிவிட முடிகிறது என்பது இங்கேதான் உதவுகிறது. திருகோணமலைக் கடலோரத்துச் சுவாமி மலையின் செங்குத்தான பாறைக் கோட்டை இழுத்து, அதில் இராவணன் வெட்டின் பிளவைக் காட்டியதுமே, முன்வரிசையில் யாராவது ஒரு அம்மா பக்கத்தில் இருப்பவருக்குக் கோணேசர் கோவில் என்று சொல்லிவிடுவார். அதன் பிறகு அவர்கள் போக மாட்டார்கள். கோட்டை வாசலில் திரியும் மான்களை எங்கே போடப் போகிறேன், கடலில் வள்ளம் வருமா, கோபுரத்துக்கு என்ன நிறம் என்று கூட்டமே படத்தை நடத்தத் தொடங்கிவிடும்.

சிறுவர்கள் விடயத்தில் இதன் பயன் இன்னும் கூட. "அண்ணா, நானும் கீறட்டோ?" என்ற கேள்வி வராத நிகழ்வு கிடையாது. ஸ்பிரே டின்னை எட்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்க முடியாது. தூரிகையைக் கொடுத்தால் வர்ணம் சட்டையில் வழியும், வீட்டுக்குப் போனதும் தாயின் ஏச்சு விழும். மாக்கரைக் கொடுத்து, ஒரு மீனின் செதில்களை மட்டும் நிரப்பச் சொல்லலாம். ஒரு எச்சரிக்கை: பிள்ளைகள் முனையைப் பலகையில் குத்தி அழுத்துவார்கள். இந்த மாக்கரின் மை, முனையை அழுத்தும்போது திறக்கும் ஒரு வால்வு வழியாக இறங்குவதால், அழுத்தம் கூடினால் ஒரு குளமே தேங்கிவிடும். ஏறக்குறைய மை தீர்ந்த பழைய மாக்கர்களைப் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருப்பது இதற்கு நல்ல வழி. பெரியவர்களுக்கு அந்தச் சலுகை தேவையில்லை. அவர்கள் கையில் கொடுத்தாலும் வெட்கப்பட்டுத் தங்கள் பெயரின் முதலெழுத்தை ஓர் ஓரத்தில் எழுதிவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

இனி இந்த ஊரின் காலநிலையில் மை எப்படி நடந்துகொள்கிறது என்பது. கச்சான் வீசும் மாலைகளில் கோடு போட்ட ஓரிரு நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. அதன் மேல் அடுத்த நிறத்தைப் போடுவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், பார்ப்பவர்களுக்கு வேலை ஓயாமல் நடப்பது போலத் தெரியும். அதே காற்று மூடி திறந்திருக்கும் முனையையும் காய வைத்துவிடும். பல மாக்கர்களைத் திறந்து வைத்துக்கொண்டு மாறி மாறி எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே அதை விட்டுவிட வேண்டும். முனை இறுகிவிட்டால், அதைக் கழற்றித் தண்ணீரில் கழுவித் திரும்பப் போட முடியும் என்பது போஸ்காவின் பெரிய ஆறுதல். வாடைக்காற்றுக் காலம் வேறு விதமானது. மழை ஈரத்தில் மை காய்வதற்கு நேரம் எடுக்கும். முதல் பூச்சு முழுதாகக் காய்வதற்கு முன் இரண்டாவதைப் போட்டால், முனை கீழ்ப்பூச்சைச் சுரண்டி எடுத்துவிடும். கடலோர மதில்களிலும் மேடைக்கு வெளியே வைத்த பலகைகளிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உப்புப் படலம் படிந்திருக்கும். அதன் மேல் எந்த வர்ணமும் சரியாகப் பிடிக்காது. நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, காயவிட்டுத் தொடங்க வேண்டும். நிகழ்வு ஏற்பாட்டாளர்களிடம் வேறு எதைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒரு வாளி நல்ல தண்ணீர் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இதே வகையில் மலிவான அக்ரிலிக் மாக்கர்கள் இப்போது இணையக் கடைகளில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கின்றன. 2022 இல் ரூபாவின் பெறுமதி விழுந்த பிறகு இறக்குமதியாகும் ஓவியப் பொருட்கள் எல்லாம் எட்டாத விலைக்குப் போனபோது, நானும் அத்தகைய ஒரு பெட்டியை வாங்கினேன். பெயர் சொல்ல விரும்பவில்லை. வெள்ளைக் காகிதத்தில் அவை அழகாகத்தான் இருந்தன. கறுப்புப் பலகையில் மஞ்சள் பச்சையாகவும் இளஞ்சிவப்பு சாம்பலாகவும் தெரிந்தன, மூன்று பூச்சுப் போட்டும் மறைக்கவில்லை. வீட்டில் என்றால் பரவாயில்லை, நாலாவது பூச்சும் போடலாம். சனத்தின் முன்னால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருப்பது, பாடகர் ஒருவர் பல்லவியிலேயே நின்றுகொண்டிருப்பதற்குச் சமம். காகித வேலைக்கும் பாடசாலைப் பயிற்சிக்கும் மலிவானவை போதும், மேடைக்கு வேண்டாம்.

மேடை என்றதும் விளக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாக்கர் வாங்கும்போது இதை யாரும் யோசிப்பதில்லை. நிகழ்வுகளில் போடும் நிற எல்ஈடி விளக்குகளின் கீழ் கண்ணை நம்ப முடியாது. சிவப்பு விளக்கில் நீலமும் கரும்பச்சையும் கறுப்பாகிவிடும். வெள்ளைக்கும் சிவப்புக்கும் வேறுபாடே தெரியாது. தட்டில் குழைத்த நிறத்தோடு வேலை செய்பவர் அந்த இடத்தில் தடுமாறிப் போவார். மாக்கரில் ஒவ்வொரு நிறமும் தனித்தனிக் குழாயில் அடைபட்டிருப்பதால், பகலிலேயே மூடியில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டிவிட்டு, கீறும் ஒழுங்குக்கு ஏற்றபடி அடுக்கி வைத்துவிடலாம். வெள்ளை ஒளி தரும் சிறிய விளக்கொன்றைப் பலகைக்கு மேலே தனியாகப் பொருத்தித் தருமாறு கேட்பதும் நியாயமான கோரிக்கையே. ஒலி அமைப்பாளருக்குத் தரும் கவனத்தில் கால் பங்கை ஓவியருக்குத் தந்தால் போதும்.

குறைகளுக்கு வருகிறேன். எட்டடிக்கு நாலடிப் பிளைவூட் பலகை ஒன்றின் பரப்பு முப்பத்திரண்டு சதுர அடி. அதை மாக்கரால் மட்டும் நிரப்ப நினைப்பது பணத்தையும் நேரத்தையும் விரயமாக்கும் செயல். மையின் அளவைக் கொண்டு கணக்கிட்டால் இது எமல்ஷனைவிடப் பல மடங்கு விலை கூடிய வர்ணம். ஆகவே வானத்தையும் கடலையும் முதல் நாளே ரோலரால் பூசிக் காயவைத்துவிட்டு, மக்கள் முன்னால் செய்ய வேண்டிய பகுதியை மட்டும் மாக்கருக்கு விட வேண்டும். அப்படி முன்னரே பூசிக் கொண்டுவருவது ஏமாற்று வேலை என்று சில ஏற்பாட்டாளர்கள் முகம் சுளிப்பதுண்டு. சமையல் நிகழ்ச்சியில் வெங்காயத்தை முன்னரே வெட்டி வைத்திருப்பதை யாரும் குறை சொல்வதில்லை. நிறக் கலப்பிலும் இதற்கு எல்லை உண்டு. மாலை வானத்தின் செம்மஞ்சள் ஊதாவுக்குள் கரைவதைப் போன்ற இடங்களில் மாக்கர் கோடுகோடாகவே நிற்கும். ஈரம் காய்வதற்குள் விரலால் தேய்த்துக் கொஞ்சம் சமாளிக்கலாம், அதுவும் கச்சான் அனுமதித்தால்தான்.

வெளியில் நிற்கப்போகும் படத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. துளைகள் உள்ள காகிதம், மரம், சுண்ணச் சுவர் போன்றவற்றில் மை ஊறிப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியிலும் உலோகத்திலும் பிளாஸ்ரிக்கிலும் அது மேலே அமர்ந்திருப்பதோடு சரி, ஈரத் துணியால் துடைத்தால் வந்துவிடும். விடுதியின் கண்ணாடிக் கதவில் ஒரு நாளைக்கு மட்டும் படம் கேட்பவர்களுக்கு இது வசதி. நிரந்தரமாகக் கேட்பவர்களுக்கு மேலே வார்னிஷ் தேவை. தூரிகையால் வார்னிஷ் பூசினால் கோடுகள் கலைந்துவிடக்கூடும் என்பதால் ஸ்பிரே வார்னிஷைத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. ஸ்பிரேயை விலக்குவதற்காக வாங்கிய கருவிக்குக் கடைசியில் ஸ்பிரே தேவைப்படுவது வேடிக்கைதான். ஆனால் அதைச் சனம் கலைந்துபோன பிறகு, முகமூடி போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யலாம். ஒளிரும் நிறங்களை வெயில் படும் இடத்துக்குத் தெரிவு செய்ய வேண்டாம். மேடையில் கண்ணைப் பறிக்கும் அந்த இளஞ்சிவப்பும் பச்சையும், திருகோணமலை வெயிலில் மற்ற நிறங்களுக்கு முன்னால் வெளிறிவிடும்.

அளவுகளைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் வாங்கத் தேவையில்லை. 1.8 இலிருந்து 2.5 மில்லிமீற்றர் வரையான கோடு தரும் பிசி-5எம் நடுத்தர வேலைக்கு நல்லது, ஆனால் பத்தடி தள்ளி நிற்பவருக்கு அந்தக் கோடு தெரியாது. நேரடி நிகழ்வுக்கு 8 மில்லிமீற்றர் சாய்வு முனை கொண்ட பிசி-8கே தான் உழைக்கும் மாடு. அகன்ற பக்கத்தால் நிரப்பலாம், கூரால் கோடு இழுக்கலாம். 15 மில்லிமீற்றர் பிசி-17கே கறுப்பில் ஒன்று இருந்தால் முதல் வெளிக்கோட்டுக்கு உதவும். 0.7 மில்லிமீற்றர் முனையுள்ள பிசி-1எம்ஆரைப் பலகைக்காக வாங்குவது வீண். கையெழுத்துப் போட மட்டும் பயன்படும். கொழும்பில் ஓவியப் பொருட்கள் விற்கும் கடைகளில் பெட்டியாக வாங்கினால் தேவையற்ற நிறங்களுக்கும் காசு கொடுக்க வேண்டிவரும், தனித்தனியாகத் தரும் கடையைத் தேடிப் பிடிப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் முதலில் தீர்வது வெள்ளையும் கறுப்பும்தான். அவற்றில் இரண்டிரண்டும், கடலுக்காக நீலத்தில் ஒன்று கூடவும், மாற்று முனைகள் சிலவும் எடுத்து வைத்துக்கொண்டால், இரவு ஏழு மணிக்கு மேல் மூடிக்கிடக்கும் கடைக் கதவுகளைத் தட்ட வேண்டி வராது.