துணி டயபர்: துவைக்கிறவன் சொல்கிறேன்

மகளுக்கு இப்போது இரண்டேகால் வயது. மூன்றாவது மாதத்தில் வாங்கிய 12 துணி டயபர்களில் 9 இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கள் வீட்டில் துவைப்பது என் பொறுப்பு.

முதல் மாதம் நொந்துபோனேன். டயபருக்குள் ஈரம் இழுக்க வைக்கும் துணி அடுக்குதான் பேட். புது பேடை ஐந்தாறு முறை அலசிக் காயவைத்தால்தான் நன்றாக ஈரம் இழுக்கும். அது தெரியாமல் ஒரே அலசலில் போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் பாய் நனைந்தது. குழந்தைக்குத் தொடையும் ஒல்லி, எலாஸ்டிக் கவ்வவில்லை. அத்தை கிழித்துக் கொடுத்த பழைய வேட்டித் துணிதான் அப்போது காப்பாற்றியது. அந்த மென்மை எந்தக் கடை பேடிலும் இல்லை. என்ன, நனைந்தவுடன் மாற்ற வேண்டும்.

ஆறாவது மாதம் எல்லா டயபரும் ஒழுக ஆரம்பித்தது. சந்தேகத்தில் ஒரு பேடின் மேல் தண்ணீர் தெளித்தேன். சேம்பிலையில் நிற்பதுபோல் முத்து முத்தாக உருண்டது! வாசனைக்கு ஊற்றிய கண்டிஷனர், புண்ணுக்குத் தடவிய ஜிங்க் கிரீம், வேளச்சேரி போர்த் தண்ணீரின் உப்பு எல்லாம் சேர்ந்து துணியில் படிந்திருந்தது. கண்டிஷனரை நிறுத்தினேன். பேடுகளை மட்டும் நுரை அடங்கும்வரை சுடுதண்ணீரில் அலசினேன். கிரீம் தடவும் நாளில் உள்ளே ஒரு வேட்டித் துண்டை விரித்துவிடுவேன். அப்புறம் ஒழுகவில்லை.

பேடை வெளியே மூடும் மேலுறை வேறு ஜாதி. ஈரம் வெளியே வராமல் தடுக்கும் அதன் உள்பக்கத்துப் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் படலத்துக்குச் சூடு ஆகாது. மே மாதம் மொட்டை மாடியில் போட்டு மறந்த மூன்றில் படலம் உரிந்து வந்துவிட்டது. பேட் வெயிலில், உறை நிழலில். இப்போது தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

ஐப்பசி மழையில்தான் தோற்றுப்போனேன். ஃபேனுக்குக் கீழே கொடி கட்டியும் பேட் காய இரண்டு நாள், கூடவே புழுங்கின வாடை. அந்த வாரங்களுக்கும் ரயில் பயணத்துக்கும் கடை டயபர்தான்.

காசுக் கணக்கு சுலபம். 12க்கும் சேர்த்து 5,400 ரூபாய். கடை டயபர் ஒன்று 10 ரூபாய், நாளுக்கு 6 என்றால் 90 நாளில் போட்டது வந்துவிடும். துவைக்கிறவன் கூலி இதில் சேராது.

இப்போது பகலில் டயபரே வேண்டியதில்லை. இரவில் மட்டும் இரண்டு பேட் வைத்துப் போடுகிறோம். காலையில் அவளே பட்டனைப் 'பட் பட்' என்று பிய்த்து என் கையில் கொடுத்துவிடுகிறாள். உறை உரிந்த மூன்றின் பேடுகள் ஃபிரிட்ஜுக்கு அடியில் கசியும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கிடக்கின்றன.