வெறுங்கையா, இடுக்கியா, குழாயும் பையுமா? பாம்பு பிடிக்கும் முறைகள் ஓர் அலசல்

வீட்டுக்குள் நுழைந்த நச்சுப்பாம்பைப் பிடிக்க வருபவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைக் கையாள்கிறார்கள்: வெறுங்கை, இடுக்கி, இல்லையென்றால் கொக்கியும் குழாய் பொருத்திய துணிப்பையும். வீடியோக்களில் கைதட்டல் வாங்குவது முதல் வகை. அதை யாருமே செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வெறுங்கையிலும் இரண்டு பாணி உண்டு. ஒன்று, வாலைப் பிடித்துத் தூக்குவது. நன்கு வளர்ந்த நல்ல பாம்பு தன் உடல் எடையையும் தூக்கிக்கொண்டு கை வரை மேலேறுவது கடினம். அதனால் இது பல நேரம் பலித்துவிடுகிறது, பிடிப்பவருக்குத் துணிச்சலும் வந்துவிடுகிறது. அதே பழக்கத்தில் சுருட்டை விரியனிடம் போனால் ஆபத்து. அது பெரும்பாலும் இரண்டடிகூட இருக்காது. வாலைப் பிடித்த கைக்குத் தலை எட்டிவிடும். கண்ணாடி விரியனோ பாய்ந்து கடிக்கும்போது உடம்பின் பெரும்பகுதியைத் தரையிலிருந்து எழுப்பிவிடும்.

இரண்டாவது, தலைக்குப் பின்னால் கழுத்தை அழுத்திப் பிடிப்பது. பார்க்கப் பாதுகாப்பாகத் தெரிந்தாலும் இதுதான் மிக மோசம். விரியன்களின் நீண்ட நச்சுப்பற்கள் மடங்கி விரியக்கூடியவை. பக்கவாட்டில் திருப்பி, பிடித்திருக்கும் விரலிலேயே இறக்கிவிடும். அப்புறம், பிடித்ததை எப்போதாவது விட்டுத்தானே ஆக வேண்டும்? அந்த நொடியில் கை எங்கே இருக்கிறது என்பதைப் பாம்பு நன்றாக அறியும்.

அனுபவம் காப்பாற்றாதா? கேரளத்தின் வாவா சுரேஷ் பல ஆண்டுகள் வெறுங்கையால் பாம்பு பிடித்துப் பெயர் பெற்றவர். 2022 ஜனவரி 31 அன்று கோட்டயம் மாவட்டம் குறிச்சியில், நல்ல பாம்பைச் சாக்கில் போடும்போது தொடையில் கடிபட்டு உயிருக்குப் போராடி மீண்டார். அமெரிக்க ஊர்வன ஆய்வாளர் ஜோ ஸ்லோவின்ஸ்கிக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. 2001 செப்டம்பரில் வடக்கு மியான்மரில், நச்சில்லாத பாம்பு இருக்கிறது என்று நம்பி ஒரு பைக்குள் கைவிட்டார். உள்ளே இருந்தது சிறிய கட்டு விரியன். தசைகள் செயலிழந்து மூச்சு நின்றது. கூட இருந்தவர்கள் மணிக்கணக்கில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்தும் மறுநாள் இறந்துபோனார். பாம்புகளையே படித்தவருக்கும் இதுதான் நிலை.

‘இருளர்கள் கையால்தானே பிடிக்கிறார்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இயங்குகிறது. அங்கே எடுக்கப்படும் நஞ்சு விஷமுறிவு மருந்துத் தயாரிப்புக்குப் போகிறது. இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அவர்கள் தடம் பார்த்து, வளையைக் கண்டுபிடித்து, வேடிக்கைக் கூட்டம் இல்லாத வயல்காட்டில் வேலை செய்கிறவர்கள். தலைமுறை தலைமுறையாக வந்த அந்த அறிவை நாலு வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. அவர்களுக்கும் கடி விழாமல் இல்லை.

இடுக்கி மனிதருக்கு நல்ல தூரம் தருகிறது. பாம்புக்குத்தான் கேடு: அழுத்தினால் விலா எலும்பு நொறுங்கும், தளர்த்தினால் நழுவும். வலியில் துள்ளும் பாம்பை அடக்குவது இன்னும் கஷ்டம்.

என் ஓட்டு குழாய்க்கும் பைக்கும்தான். மிரண்ட பாம்புக்குத் தேவை ஓர் இருட்டுப் பொந்து. பையின் வாயில் பிளாஸ்டிக் குழாயைக் கட்டிச் சுவரோரம் வைத்து, நீண்ட கொக்கியால் மெல்ல வழிகாட்டினால் அது தானாகவே உள்ளே போய்விடும். யாரும் அதைத் தொட வேண்டியதில்லை. கேரள வனத்துறை தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுப்பது இந்த முறையில்தான். குறைகளும் உண்டு. பொறுமை வேண்டும், சுற்றி நிற்பவர்களை விலக்க வேண்டும். கனத்த உடம்புள்ள விரியன் கொக்கியில் ஓரளவு அமர்ந்திருக்கும். நல்ல பாம்பும் கட்டு விரியனும் வழுக்கி இறங்கிவிடும். அதனால் அவற்றைக் கொக்கியில் தூக்க முயலாமல் குழாய்ப் பக்கம் திருப்புவதே சரி.

பை கட்டியதும் வேலை முடிந்துவிடாது. கண்ணாடி விரியன் துணிக்கு மேலாகவே கடிக்கும். பையை முடிச்சுக்கு மேலே மட்டும் பிடித்துத் தூக்கி, காற்றுத்துளை போட்ட மூடியுள்ள டிரம்மில் வைத்துத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும்.