வெள்ளி நினைவு நாணயச் செட்டுகள்: வாங்கி, வைத்திருந்து, விற்றும் பார்த்த அனுபவம்

இந்திய அரசின் நாணயச் சாலைகள் வெளியிடும் வெள்ளி நினைவு நாணயச் செட்டுகளை 2009-இலிருந்து வாங்கி வருகிறேன். அண்ணா நூற்றாண்டுக்கு வந்த 100 ரூபாய், 5 ரூபாய் செட்தான் முதல். நடுவில் சிலவற்றை விற்றிருக்கிறேன். விட்டுப்போனவற்றை மற்ற சேகரிப்பாளர்களிடம் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கியிருக்கிறேன். "லிமிடெட் எடிஷன், பின்னாடி நல்ல விலை போகும்" என்ற பேச்சைக் கேட்டுத்தான் பலரும் இதில் இறங்குகிறார்கள். உண்மையிலேயே போகிறதா, போனால் யார் கொடுக்கிறார்கள், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதை என் கையில் பட்டவரைக்கும் சொல்கிறேன்.

முதலில் வெள்ளிக் கணக்கு. பல ஆண்டுகளாக வந்த 75, 100, 125, 150 ரூபாய் நாணயங்களுக்கெல்லாம் ஒரே அளவு, ஒரே கலவை. 35 கிராம் எடை, 44 மில்லிமீட்டர் விட்டம், பாதி வெள்ளி, 40 சதவீதம் செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து சதவீதம். ஆக உள்ளே இருப்பது 17.5 கிராம் வெள்ளி. 2025 தொடக்கத்தில் சென்னையில் வெள்ளி கிராம் 100 ரூபாயை ஒட்டி இருந்தது. அப்போது இந்த நாணயத்தின் உலோக மதிப்பு 1,750 ரூபாய். அதே ஆண்டு அக்டோபரில் கிராம் 200-ஐத் தாண்டியதும் அது 3,500 ஆகிவிட்டது.

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010 என்று ஆண்டு பொறித்து வந்த 1,000 ரூபாய் நாணயம் இதில் சேராது. அதுவும் 35 கிராம்தான், ஆனால் 80 சதவீதம் வெள்ளி. 28 கிராம் வருகிறது. கிராம் 200 என்று வைத்தால் 5,600 ரூபாய். 1969-இல் வந்த காந்தி நூற்றாண்டு 10 ரூபாய் நாணயமும் 80 சதவீதம்தான். 15 கிராமில் 12 கிராம் வெள்ளி, அதே கணக்கில் 2,400 ரூபாய். பழைய பீரோக்களில் இது இன்னும் கிடக்கிறது. ரிசர்வ் வங்கியின் 90-ஆம் ஆண்டுக்கு 2024 ஏப்ரலில் வந்த 90 ரூபாய் நாணயம் 40 கிராம் சுத்த வெள்ளி, அதற்கு 8,000.

இந்தத் தொகையை யாரும் அப்படியே எண்ணிக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்படி அரசு நாணயத்தை உருக்குவது குற்றம். அதனால் முறையாகத் தொழில் செய்யும் வெள்ளிக்கடைக்காரர் இதைத் தொடவே மாட்டார். தொடுகிறவரும் "பாதி செம்பு சார்" என்று சொல்லி, சுத்திகரிப்புச் செலவு, சேதாரம் எல்லாம் கழித்துக் கேட்பார். வெள்ளி மதிப்பு என்பது இன்னொரு சேகரிப்பாளரிடம் பேரம் பேசும்போது அதற்குக் கீழே இறங்காமல் நிற்க உதவும் ஒரு கோடு, அவ்வளவுதான்.

அந்தக் கோட்டுக்கு மேல் கிடைக்கும் பணம்தான் சேகரிப்பாளர் கொடுப்பது. அது நாணயத்தில் யார் இருக்கிறார், எந்த ஊர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. என் அனுபவத்தில் தமிழ்நாட்டில் காமராஜர், அண்ணா, எம்.ஜி.ஆர்., எம்.எஸ். சுப்புலட்சுமி ஆகியோரின் 100 ரூபாய் செட்டுகளுக்கு எப்போதும் ஆள் இருக்கிறது. அண்ணாவின் செட்டில் அவர் கையெழுத்து தமிழிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைக் காட்டினாலே பேரம் பாதி முடிந்துவிடும். கேரள நண்பர்கள் புனித அல்போன்சாவையும் நாராயண குருவையும் இதே வேகத்தில் தேடுகிறார்கள். குரு கோபிந்த் சிங்கின் 350 ரூபாய், குரு நானக்கின் 550 ரூபாய் நாணயங்களுக்கு நாட்டுக்கு வெளியே இருந்தும் ஆள் வருகிறது. ஆனால் வருமான வரித் துறைக்கு 150 ஆண்டு, கணக்குத் தணிக்கைத் துறைக்கு 150 ஆண்டு என்று வந்தவற்றை, வரிசையை முழுமையாக்க நினைப்பவர் மட்டும்தான் என்னிடம் கேட்டிருக்கிறார். அவரும் நிதானமாகக் கேட்பார். அவருக்கு அவசரம் கிடையாது.

2024 ஆகஸ்ட் 18-ஆம் தேதி சென்னையில் கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயத்தை ராஜ்நாத் சிங் வெளியிட்டார். "தமிழ் வெல்லும்" என்று அதில் பொறித்திருந்தார்கள். அண்ணா அறிவாலயத்தில் ஒரு நாணயம் 10,000 ரூபாய்க்கு விற்றது. அந்த வாரத்து வெள்ளி விலைக்கு அதில் இருந்த உலோகம் 2,000 ரூபாய்கூட வராது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் நாணயச் சேகரிப்பாளர்கள் இல்லை. தலைவர் மேல் உள்ள பற்றினால் வாங்கியவர்கள், விற்கும் எண்ணமே இல்லாதவர்கள். அவர்கள் கொடுத்ததில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அந்த விலையைப் பார்த்துவிட்டு "இனி இதுதான் மார்க்கெட்" என்று நம்பி, அடுத்த செட்டுகளையும் அதே கணக்கில் வாங்கிச் சேர்த்த சில இளைஞர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். விழா நாளில் ஒரு நாணயத்துக்குக் கிடைக்கும் விலையும், மூன்று வருடம் கழித்து அதே நாணயத்தை நம்மிடமிருந்து முன்பின் தெரியாத ஒருவர் வாங்கும் விலையும் வேறு வேறு.

பெரும்பாலான செட்டுகளின் விலை ஏறி இறங்குவதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். அறிவிப்பு வந்ததும் ஒரு பரபரப்பு. நாணயச் சாலையின் இணையதளத்தில் புக்கிங் முடிந்து, செட் இன்னும் யார் கைக்கும் வராத அந்த இடைவெளியில்தான் விலை உச்சத்தில் இருக்கும். வாட்ஸ்அப் குழுக்களில் கையில் இல்லாத செட்டையே விற்பார்கள். பார்சல்கள் வந்து சேர ஆரம்பித்ததும் சந்தையில் சரக்கு பெருகும், விலை சரியும். அந்தச் சரிவு ஒன்றிரண்டு வருடம்கூட நீடிக்கும். அப்புறம் பொறுமையில்லாதவர்கள் எல்லாம் விற்று வெளியேறிய பிறகு, நிஜமாகவே ஆள் தேடும் நாணயங்கள் மட்டும் மெல்ல மேலே வரும். புக்கிங்கில் விட்டதை வாங்க நான் எப்போதும் இந்தச் சரிவுக்குத்தான் காத்திருப்பேன்.

ப்ரூஃப், யூ.என்.சி. (புழக்கத்துக்குப் போகாத சாதாரண அச்சு) என்று இரண்டு வகை வரும். ப்ரூஃப் என்றால் தளம் கண்ணாடி போல இருக்கும், உருவம் மட்டும் பனி படர்ந்த மாதிரி வெண்மையாக நிற்கும். பெரிய கோயில் நாணயத்தின் ப்ரூஃபை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால், சுற்றிலும் தளம் கறுப்பாகத் தெரிய, விமானம் மட்டும் அடுக்கடுக்காக வெள்ளையாக எழுந்து வரும். அதைப் பார்த்தவர் யூ.என்.சி.யைத் திரும்பிப் பார்ப்பது கஷ்டம். விற்கும்போதும் ப்ரூஃப் முன்னால் நிற்கும். ஆனால் அதன் தளத்தில் விழும் ஒரு கட்டைவிரல் ரேகை போதும், விலை யூ.என்.சி.க்குக் கீழே போய்விடும். செம்பு கலந்த வெள்ளி என்பதால் ரேகை வியர்வையோடு பதிந்து, கொஞ்ச நாளில் பழுப்பு நிறமாகி நிலைத்துவிடும். தேய்த்தால் கீறல் விழும், கெமிக்கலில் முக்கினால் அந்த வெண்பனி போய்விடும். நம் ஊர் ஈரக்காற்றுக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் கட்டாயம். மெத்தென்ற பி.வி.சி. உறைக்குள் வைத்தவை சில வருடத்தில் பச்சைப் பிசுபிசுப்போடு வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடினமான கேப்சூல்தான் பாதுகாப்பு. தானாக, சீராக மங்கி வானவில் நிறம் ஏறிய நாணயத்துக்குக் கூடுதல் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் குறைவு, கண் மிகக் கூர்மையானவர்கள்.

பெட்டியைப் பற்றி ஒரு உரையாடல். சென்னையில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சியில் நான் கொண்டுபோன செட்டைக் கையில் வாங்கிய டீலர், நாணயத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார்: "சார், மேல் அட்டை எங்க?"

"வீட்ல இருக்கு. நாணயம் அப்படியே சீல் உடைக்காம இருக்கே."

"நாணயம் இருக்கு சார். எனக்கு வாங்கறவர் அட்டை கேட்பாரே."

அட்டை இல்லாமல் அவர் சொன்ன விலை, வெள்ளி மதிப்புக்கு மேல் சில நூறுகளில் நின்றது. அடுத்த நாள் அட்டை, உள்ளே வரும் குறிப்புத்தாள், கூட வரும் 5 ரூபாய் நாணயம் எல்லாம் சேர்த்து வைத்தபோது அவரே கிட்டத்தட்ட அரை மடங்கு கூட்டிக் கொடுத்தார். செட் என்றால் செட்டாக இருக்க வேண்டும். 5 ரூபாயைத் தனியே எடுத்துவிட்டால், மிச்சம் இருப்பது ஒற்றை வெள்ளி நாணயம்; அதற்கு வேறு விலை.

விற்கும் இடமும் முக்கியம். டீலர் உடனே பணம் தருவார், லாபத்துக்கு இடம் விட்டுத்தான் கேட்பார். அது அவர் பிழைப்பு. வாட்ஸ்அப் ஏலத்தில் நேரடியாகச் சேகரிப்பாளருக்கே போகும், விலை கொஞ்சம் நன்றாக வரும். ஆனால் பார்சல், இன்சூரன்ஸ், வந்து சேர்ந்ததும் "இங்க ஒரு புள்ளி இருக்கே" என்ற பேச்சு எல்லாம் நம் தலையில். மும்பை, பெங்களூரு ஏல நிறுவனங்கள் பெரும்பாலும் பழைய, அரிய நாணயங்களுக்குத்தான் பொருத்தம். புதிய செட் ஒன்றை அங்கே அனுப்பினால் கமிஷன் போக மிஞ்சுவது குறைவு. நாணயத்தைச் சோதித்துத் தர எண் கொடுக்கும் அமெரிக்க நிறுவனங்களான என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். தரும் தரச்சான்றும் இப்படித்தான். உச்சத் தரமான 70 வந்தால் வெளிநாட்டில் ஆள் கிடைக்கும், 68 வந்தால் கட்டணம்கூடத் திரும்பாது.

வெள்ளி விலை ஏறிய பிறகு போலிகளும் அதிகமாகிவிட்டன. 1,000 ரூபாய் நாணயத்தில் வெள்ளி முலாம் பூசியதை ஒருவர் என்னிடம் உண்மையானது என்று நம்பியே நீட்டினார். எடை போட்டோம், 35 கிராமுக்கு நன்றாகவே குறைந்தது. சிறு டிஜிட்டல் தராசும் வெர்னியர் காலிப்பரும் பையில் இருப்பது நல்லது. விளிம்பில் 200 வெட்டுகள் இருக்க வேண்டும். எண்ண வேண்டியதில்லை, ஒரே சீராக இருக்கிறதா என்று லென்ஸில் பார்த்தால் போதும். மும்பை ப்ரூஃபில் 'எம்' குறியும், ஹைதராபாத் நாணயத்தில் நட்சத்திரமும் இருக்கும். கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. இந்த மூன்றும் தெரிந்தால், மும்பை ப்ரூஃப் என்று சொல்லிக் குறியில்லாத நாணயத்தைத் தருபவரைக் கேள்வி கேட்கலாம்.

வெள்ளி ஏறியதால் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. முன்பு 50 சதவீத நாணயத்தின் விலையில் பெரும்பகுதி சேகரிப்பாளரின் விருப்பத்துக்குத்தான். இப்போது வெள்ளியே அந்த விலையைத் தாண்டிவிட்டதால், சாதாரணத் தலைப்புகளுக்கும் பிரபலமான தலைப்புகளுக்கும் இடையே இருந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. அதனால் யாருமே கேட்காத செட்டுகளை விற்க இதுதான் நல்ல நேரம் என்று நினைக்கிறேன், விற்றுக்கொண்டும் இருக்கிறேன். வருகிற பணத்தில் காமராஜர் ப்ரூஃப் ஒன்றை, நல்ல அட்டையோடு, தேடுகிறேன். 2025 ஜூலை 27-இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் வெளியிட்ட ராஜேந்திர சோழன் நாணயத்தையும், பரபரப்பு அடங்கி விலை இறங்கிய பிறகு வாங்கி, பெரிய கோயில் நாணயத்தோடு ஜோடியாக வைக்கப்போகிறேன். அந்த ஜோடியைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி யார் கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.