முதல் பைக்: ஸ்ப்ளெண்டருக்கும் ஆர்15-க்கும் நடுவில் என்ன வாங்கலாம்?

பையனுக்குப் பதினெட்டு முடிந்ததும் வீட்டில் மூன்று கட்சி உருவாகிவிடும். அப்பா ஸ்ப்ளெண்டர் கட்சி. மைலேஜ் கொடுக்கும், விற்றாலும் விலை போகும், எந்தக் குக்கிராமத்திலும் ஸ்பேர் கிடைக்கும் என்பார். அம்மா ஸ்கூட்டரே போதும் என்பார். பையன் ஆர்15 என்ற ஸ்போர்ட்ஸ் பைக்கின் படத்தைப் போனில் வால்பேப்பராக வைத்து ஆறு மாதம் ஆகியிருக்கும். சண்டை கடைசியில் சிசியில், அதாவது இன்ஜின் அளவில், வந்து நிற்கும். "நூறு சிசிதான் சேஃப், அதுக்கு மேலே போனா பறப்பான்."

நான் இந்த மூன்று கட்சியிலும் இல்லை. பொறுப்பான பிள்ளைக்கு முதல் வண்டி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பிரேக், அடுத்தது எடை. சிசி அதற்கப்புறம்தான். பிள்ளை பறக்க மாட்டான் என்றே வைத்துக்கொள்வோம். முன்னால் போகிற டவுன் பஸ் திடீரென்று நிற்கும், நாய் குறுக்கே ஓடும், திருப்பத்தில் எவனோ மணல் கொட்டி வைத்திருப்பான். பொறுப்பான பிள்ளைக்கும் இதெல்லாம் நடக்கும்.

(பையன் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். பெண்ணுக்கும் இதே கணக்குதான். கியர் வண்டி கேட்கும் பெண்ணை ஷோரூமில் ஸ்கூட்டர் பக்கம் தள்ளிக்கொண்டு போவார்கள். போக வேண்டியதில்லை.)

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு முடியாத பிள்ளைக்கு இந்தக் கட்டுரையில் வண்டி இல்லை. பதினாறு வயதில் சட்டம் அனுமதிப்பது கியர் இல்லாத, 50 சிசிக்கு மிகாத வண்டியை மட்டும்தான். எல்லோரும் சாதாரணமாகக் கொடுத்தனுப்பும் டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டே இப்போது 99.7 சிசி. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

பிரேக் ஏன் முதலில்?

புதிதாக ஓட்டுகிறவர் பதறினால் கை தானாக முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும். முன் சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டால் ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்பியும் பயன் இல்லை, வண்டி வழுக்கிப் படுத்துவிடும். மழை பெய்த ரோட்டில் இதற்கு நாற்பது கிலோமீட்டர் வேகமே தாராளம். சக்கரம் நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிப்பதுதான் ஏபிஎஸ்ஸின் வேலை. பல வருட அனுபவம் உள்ளவர் விரலால் செய்வதை அது தானாகவே, இன்னும் வேகமாகச் செய்யும்.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது. அதற்குக் கீழே சிபிஎஸ் இருந்தாலே போதும் என்று அந்த விதி விட்டுவிட்டது. பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான் சிபிஎஸ். சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. நூறு சிசிதான் சேஃப் என்று வாங்கிக் கொடுக்கும் அப்பா, பெரும்பாலும் ஏபிஎஸ் இல்லாத வண்டியைத்தான் வாங்கிக் கொடுக்கிறார்.

இதிலும் ஒற்றைச் சேனல், இரட்டைச் சேனல் என்று இரண்டு வகை. ஒற்றை என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் ஆடலாம், ஆனால் அதைச் சமாளித்துவிட முடியும். இரட்டை கிடைத்தால் நல்லது, ஒற்றை கட்டாயம் இருக்க வேண்டும்.

எண்கள் ஒரே இடத்தில்

| வண்டி | சிசி | பவர் (பிஎஸ், அதாவது குதிரைத்திறன்) | எடை (கிலோ, சுமார்) | சீட் உயரம் (மிமீ) |
|---|---|---|---|---|
| ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் | 97 | 8 | 112 | 785 |
| டிவிஎஸ் ரெய்டர் | 125 | 11.4 | 123 | 780 |
| ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர் | 125 | 11.5 | 136 | 794 |
| யமஹா எஃப்இசட்-எஸ் | 149 | 12.4 | 136 | 790 |
| டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 160 | 160 | 16 | 137 | 790 |
| பஜாஜ் பல்சர் என்160 | 165 | 16 | 152 | 795 |
| யமஹா ஆர்15 | 155 | 18.4 | 141 | 815 |
| ராயல் என்ஃபீல்டு ஹன்டர் | 349 | 20 | 181 | 790 |
| கேடிஎம் டியூக் 200 | 200 | 25 | 159 | 822 |

ஸ்ப்ளெண்டர்

1994-இல் வந்த பெயர். ஓட்டிப் பழக இதைவிட நல்ல வண்டி கிடையாது. கிளட்ச் பஞ்சு மாதிரி இருக்கும், எடை கிடையாது, கீழே போட்டால் லிவரை நிமிர்த்திவிட்டு ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். ஆர்டிஓ ஆபீஸில் கால் ஊன்றாமல் எட்டுப் போட இதையே எடுத்துப் போங்கள். ஓட்டுநர் பள்ளிக்காரர்களும் பெரும்பாலும் இந்த ரக வண்டியைத்தான் கொடுப்பார்கள்.

பிள்ளை எங்கே ஓட்டப்போகிறான் என்பதில்தான் சிக்கல். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கல்லூரி என்றால் சரி. கோவையில் நீலம்பூரிலிருந்து மதுக்கரை வரை போகும் எல் அண்ட் டி பைபாஸில் தினமும் போய்வர வேண்டும் என்றால் யோசிக்க வேண்டும். கண்டெய்னர் லாரி பின்னாலேயே வரும். எழுபதில் போய்க்கொண்டிருக்கும் ஸ்ப்ளெண்டரில் அவசரத்துக்கு இன்னும் கொஞ்சம் முறுக்கினால் சத்தம் மட்டும்தான் கூடும். ஒல்லி டயர், டிரம் பிரேக். எட்டு பிஎஸ் என்பதால் பிள்ளை மெதுவாகப் போவான் என்று நாம் நினைக்கிறோம். அவன் ஆக்ஸிலேட்டரைக் கடைசி வரை முறுக்கிவைத்துக்கொண்டுதான் போவான்.

125: இங்கேதான் நிஜப் போட்டி

ரெய்டரும் எக்ஸ்ட்ரீம் 125ஆரும் ஒரே பையனைக் குறிவைத்துச் செய்த வண்டிகள். பவர் கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டுக்கும் ஐந்து கியர், விலையும் லட்சத்தை ஒட்டியே. ஆனால் ஓட்டினால் இரண்டும் வேறு வேறு ஆள்.

ரெய்டர் துறுதுறுவென்று இருக்கும். எக்ஸ்ட்ரீமைவிட 13 கிலோ குறைவு, சீட்டும் தாழ்வு. ஐந்தடி இரண்டு அங்குலம் உயரமுள்ள பிள்ளைக்கும் கால் நன்றாக எட்டும். சிக்னலில் நின்று கிளம்பும்போது, பார்க்கிங்கில் பின்னுக்குத் தள்ளும்போது இந்த 13 கிலோ நன்றாகவே தெரியும். முதல் வருடத்தில் வண்டி சாய்வதெல்லாம் வேகத்தில் இல்லை, நிற்கும்போதுதான். சரிவான இடத்தில் ஒற்றைக் காலை ஊன்றுவார்கள், கால் எட்டாது, மெதுவாக... அவ்வளவுதான்.

எக்ஸ்ட்ரீம் 2024 ஜனவரியில் வந்தபோதே ஒற்றைச் சேனல் ஏபிஎஸ் உள்ள ஒரு வகையோடு வந்தது. சட்டம் கேட்காத இடத்தில் தானாக முன்வந்து கொடுத்தது என்பதால் எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை. வண்டி கனமாக இருப்பதால் ஹைவேயில் நிதானமாக ஊன்றிப் போகும், லாரி கடந்து போகும்போது காற்றில் தள்ளாடுவது குறைவு.

கடையில் ஒன்றைக் கவனியுங்கள். எந்த கம்பெனியிலும் ஒரே பெயரில் மூன்று நான்கு வகை இருக்கும். பின் பக்கம் டிரம், முன் பக்கம் மட்டும் டிஸ்க், ஏபிஎஸ் உள்ளது, இல்லாதது, கலர் ஸ்கிரீன் வைத்தது என்று. விற்பவர் ஸ்கிரீனையும் புளூடூத்தையும் காட்டிக்கொண்டே இருப்பார். "ஏபிஎஸ் எந்த வகையில் இருக்கு?" என்று கேட்டு, ரசீதில் அந்த வகையின் பெயரையே எழுதச் சொல்லுங்கள். பணம் இடித்தால் ஸ்கிரீனை விடுங்கள், ஏபிஎஸ்ஸை விடாதீர்கள்.

எஃப்இசட்

பையன்கள் இதைப் பார்த்து "அங்கிள் வண்டி" என்பார்கள். 149 சிசிக்கு 12.4 பிஎஸ் என்பது குறைவுதான், 125-ஐவிட ஒரு பிஎஸ் மட்டுமே கூட. பஞ்ச் இல்லை என்று எல்லோரும் சொல்லும் குறைதான் எனக்கு இதில் பிடித்தது. ஆக்ஸிலேட்டரைத் தெரியாமல் முறுக்கிவிட்டாலும் வண்டி எகிறாது. கியர் மாற்ற மறந்தாலும் உதறாமல் இழுத்துக்கொண்டு போகும். பின் டயர் 140 அகலம், முன்னால் ஏபிஎஸ், நிமிர்ந்து உட்காரும் சீட். ஆறு மாதத்தில் பையனுக்குச் சலித்துவிடலாம். சலிக்கட்டுமே.

160

அப்பாச்சி 160-இல் ஒரு நல்ல வசதி உண்டு. ஸ்போர்ட், அர்பன், ரெயின் என்று மூன்று மோடு. ஸ்போர்ட்டில் 16 பிஎஸ், மற்ற இரண்டிலும் சுமார் 13. முதல் ஆறு மாதம் அர்பனில் மட்டும் ஓட்டு என்று பையனோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். மீறினால் நமக்குத் தெரியாதுதான், ஆனால் சொல்பேச்சு கேட்கிற பிள்ளை என்பதால்தானே வண்டியே வாங்குகிறோம்.

பல்சர் என்160 கொஞ்சம் கனம். பதிலுக்கு இரட்டைச் சேனல் ஏபிஎஸ் உள்ள வகை இருக்கிறது. தினமும் ஒரு பக்கத்துக்கு இருபது முப்பது கிலோமீட்டர் நால்வழிச் சாலையில் போகிற, ஐந்தரை அடிக்கு மேல் உயரமான பிள்ளைக்கு இது பொருந்தும். டவுனுக்குள்ளேயே சுற்றுகிறவனுக்குத் தேவையில்லை.

ஆர்15

இதன் வேகத்தைப் பற்றி வீட்டில் பயப்படுவார்கள். நான் பயப்படுவது அதன் ஹேண்டிலைப் பார்த்து. தாழ்வான இரட்டை ஹேண்டில், குனிந்து உட்காரும் சீட், உடம்பின் பாரம் மணிக்கட்டில். நகர நெரிசலில் இருபதில் ஊர்ந்துகொண்டு, தலையைத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்து ஓட்ட வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர் அதிகம் செய்ய வேண்டிய வேலையே சுற்றிப் பார்ப்பதுதான். அதற்கு இந்த உட்காரும் விதம் ஒத்துவராது. ஹேண்டில் வளைவதும் குறைவு, யூ டர்ன் எடுக்கக் கஷ்டப்படுவான்.

வண்டி அருமையான வண்டி, சந்தேகமில்லை. லிக்விட் கூலிங், ஆறு கியர், இரட்டைச் சேனல் ஏபிஎஸ். ஆனால் நின்ற இடத்தில் சாய்ந்தாலே ஃபேரிங், அதாவது வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை, உடையும். ஸ்ப்ளெண்டரில் லிவரோடு போவது இதில் ஃபேரிங், இண்டிகேட்டர் என்று நீளும். இரண்டாவது வண்டியாக வாங்கட்டும். பையன் அடம்பிடித்தால், அதே இன்ஜினோடு ஓரளவு நிமிர்ந்து உட்காரும் எம்டி-15 ஒரு சமாதானம். ஆனால் அதுவும் முதல் வண்டி என்றால் என் ஓட்டு இல்லை.

ஹன்டரும் டியூக்கும்

டியூக்கைச் சட்டென்று முடித்துவிடலாம். 25 பிஎஸ், 822 மிமீ சீட், முறுக்கினால் பாயும் சுபாவம். வேண்டாம்.

ஹன்டர் அப்படித் தள்ளிவிடக்கூடிய வண்டி இல்லை. சீட் தாழ்வு, இன்ஜின் நிதானம், 27 என்எம் டார்க், அதாவது இழுவிசை, இருப்பதால் கியரை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை, பாய்ச்சலும் கிடையாது. சென்னைப் பக்கத்திலேயே தயாராவதால் ஸ்பேருக்கும் பஞ்சமில்லை. இடிப்பது 181 கிலோ. ஷோரூமிலேயே சோதித்துப் பார்க்கலாம். இன்ஜினை ஆஃப் செய்து, நியூட்ரலில், வண்டி மேல் உட்கார்ந்தபடி சாய்தளத்தில் பின்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள். பிள்ளை தடுமாறாமல் தள்ளினால் வாங்கலாம். அறுபது கிலோ பிள்ளை என்றால் பெரும்பாலும் தடுமாறுவான்.

காசு விஷயம்

"எவ்வளவு கொடுக்கும்?" என்ற கேள்விக்கு வருவோம். லிட்டருக்கு ஸ்ப்ளெண்டர் அறுபது கிலோமீட்டருக்கு மேல், 125-கள் ஐம்பதைத் தாண்டி, 160-கள் நாற்பதைத் தாண்டி. தினமும் முப்பது கிலோமீட்டர் ஓட்டினால் ஸ்ப்ளெண்டருக்கும் 160-க்கும் வித்தியாசம் ஒரு நாளைக்குக் கால் லிட்டர் பெட்ரோல்தான்.

இன்சூரன்ஸில் ஒரு கோடு இருக்கிறது. புது வண்டிக்கு ஐந்து வருடத் தேர்ட் பார்ட்டி சேர்த்தே எடுக்க வேண்டும். 2022-இல் நிர்ணயித்த கட்டணப்படி 150 சிசி வரை 3,851 ரூபாய், அதைத் தாண்டினால் 350 வரை 7,365. 149 சிசி எஃப்இசட் இந்தப் பக்கம், 155 சிசி ஆர்15 அந்தப் பக்கம். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது 350 சிசி வரை எல்லா வண்டிக்கும் பொருந்தும், அதனால் இந்தப் பட்டியலுக்குள் அதில் வித்தியாசம் இல்லை.

மொத்த பட்ஜெட்டில் பத்தாயிரத்தை ஒதுக்கி வையுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள முழு முக ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ. ஹெல்மெட்டை மாட்டித் தலையை ஆட்டினால் அது தனியாக ஆடக்கூடாது. கடையில் சேர்த்துக் கொடுப்பதை நம்பி இருக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்டில் தேடுகிறவர்கள் 2019-க்கு முந்தைய எஃப்இசட், அப்பாச்சி என்று மலிவாகக் கண்ணில் படுபவற்றில் ஏபிஎஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலவற்றில் இருக்காது. ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதா, ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் தட்டுகிறதா, அதாவது கோன் செட் போயிருக்கிறதா என்பதை மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள். ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் அதை நீக்கிய பிறகு பணம் கொடுங்கள்.

நான் சொல்வது

டவுனுக்குள் ஓட்டும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏபிஎஸ் வைத்த 125. உயரம் குறைந்த, ஒல்லியான பிள்ளை என்றால் ரெய்டரில் ஏபிஎஸ் உள்ள வகை கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள், கிடைக்காவிட்டால் எக்ஸ்ட்ரீம். வீட்டில் அப்பாவும் அதே வண்டியை எடுப்பார், தம்பி வளர்ந்து அவனும் ஓட்டுவான் என்றால் எஃப்இசட். தினமும் ஹைவே என்றால் என்160 இரட்டைச் சேனல்.

எது வாங்கினாலும் ஆர்சியைப் பிள்ளை பெயரிலேயே போடுங்கள். இன்சூரன்ஸோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் உரிமையாளரே ஓட்டும்போதுதான் பொருந்தும். அப்பா பெயரில் வண்டி, மகன் ஓட்டுகிறான் என்றால் அந்தக் காப்பீடு மகனுக்கு வராது. லைசென்ஸும் கியர் வண்டிக்கானதாக இருக்க வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டிக் காட்டி வாங்கிய கியர் இல்லாத வண்டி லைசென்ஸை வைத்துக்கொண்டு பைக் ஓட்டினால், கிளெய்ம் என்று போகும்போது அங்கேயே தகராறு ஆரம்பிக்கும். எல்எல்ஆர், அதாவது பழகுநர் லைசென்ஸ், எடுத்து முப்பது நாள் ஆனதும் டெஸ்டுக்குப் போகலாம். அந்த முப்பது நாளில், புது வண்டியை புக் செய்யும் முன்பே, யாருடைய ஸ்ப்ளெண்டரையாவது வாங்கிக் காலி மைதானத்தில் முப்பதில் போய் பிரேக் பிடித்து நிறுத்தப் பழகச் சொல்லுங்கள்.